வெல்டா தேடிக் கொடுத்த தேதி

டெல்மார் கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள் என்பதைப் பாதிரியாரைக் கேட்டால் சொல்லிவிடுவார். யார் யாரை விட்டுத் தொலைத்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் வெல்டா கிரேபரிடம்தான் வந்தாக வேண்டும். கவுண்டி நீதிமன்றத்தின் ஆவணக் கவுன்டரில் முப்பத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். இருபத்திரண்டு வயதில் கோடைகால வேலை என்று வந்தவள். கோடைகள் வந்து போயின, அவள் மட்டும் போகவில்லை.

அதில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. கான்சஸ் மாநிலத்தில் இதைவிடப் பெரிய நாற்காலிகள் எத்தனையோ உண்டு. ஆனால் ஜன்னல் பக்கம் ஒரு மேப்பிள் மரம், பன்னிரண்டு மணிக்குக் கறியும் முட்டைக்கோஸும் அடைத்த இரண்டு பீரோக் ரொட்டி, ஐந்து மணிக்கு வீடு, வீட்டில் கணவன் ஆர்லின். இதற்கு மேல் மனுஷிக்கு என்ன வேண்டும்? எதிர்க் கவுன்டரில் வண்டி நம்பர் பிளேட் கொடுக்கிற பாட்ஸிக்குத்தான் வெல்டாவின் நிம்மதி கண்ணை உறுத்தும்.

"ஊர் விவாகரத்தையெல்லாம் கையில வச்சிருக்க. உன் வீட்டுல மட்டும் ஒரே புருஷன். கொஞ்சமாவது தொழில் பக்தி வேண்டாமாடி?" என்பாள்.

"ஆர்லின் குறட்டை விட்டாக்கூட எனக்குத் தூக்கம் வருது. அவரை வேண்டாம்னு சொல்ல எந்தக் காரணத்தை எழுதுறது?" என்பாள் வெல்டா.

இத்தனை வருஷத்தில் அவள் வாங்கிய கண்டனக் கடிதம் ஒன்றே ஒன்று. ஒரு பெண் அழுதுகொண்டே கேட்டாளே என்று, "உன் புருஷன் கேஸு நிக்காது, பயப்படாதே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். கவுன்டர்காரி சட்டம் பேசக் கூடாது, கேட்ட காகிதத்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்ட பிறகு, "நான் வக்கீல் இல்லீங்க" என்ற வாக்கியத்தை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சொல்லுகிறாள். நியாயமான விதிதான். ஆனால் பதில் தொண்டை வரைக்கும் வந்து நிற்கும்போது அதை விழுங்குவது இருக்கிறதே, அது விழுங்கிப் பார்த்தவளுக்குத்தான் தெரியும்.

மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை லோரெட்டா ஸ்டக்கி வந்தாள். அறுபத்தேழு வயது. இருபத்தாறு வருஷமாக ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் நின்றே உழைத்தவள். படியேறி வருவதற்குள் அவள் முழங்கால் போட்ட சத்தம் கவுன்டர் வரைக்கும் கேட்டது.

"உள்ள யாராவது உயிரோட இருக்கீங்களா?"

"இருக்கேன், வாங்க. முதல்ல உட்காருங்க."

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியாது கண்ணு. என் விவாகரத்துக் காகிதம் வேணும். முத்திரை போட்ட நகல். மூணு நாளா பக்கத்துக் கவுண்டியில தவம் கெடந்தேன். அங்கதானே கல்யாணம் நடந்துச்சு."

வெல்டாவுக்குச் சிரிப்பு வந்தது. வாரத்துக்கு ஒருவராவது இப்படி ஏமாந்து வருவார்கள். கல்யாணம் எங்கே நடந்ததோ அங்கேதான் அதன் சாவும் பதிவாகி இருக்கும் என்று எப்படித்தான் இந்த ஜனங்களுக்குத் தோன்றுகிறதோ!

"கேஸ் போட்டப்ப எங்க குடியிருந்தீங்களோ, அங்கதாங்க காகிதம் இருக்கும்."

"அதைச் சொல்ல அந்த ஆபீஸ்காரிக்கு மூணு நாளாச்சு. நல்லா இருப்பா!"

வெல்டா விண்ணப்பத் தாளை நீட்டினாள். இருவர் பெயர், கேஸ் நடந்த வருஷம், விவாகரத்தான தேதி. லோரெட்டா மளமளவென்று நிரப்பினாள். தேதிக்குக்கூட யோசிக்கவில்லை. ஏப்ரல் பதினாலு, 1988.

"மனப்பாடமா வச்சிருக்கீங்க."

"மறக்குமா? நீதிபதி 'விவாகரத்து வழங்கப்படுகிறது'ன்னு சொன்னதும் நேரா எதிர்க்கடைக்குப் போய் ருபார்ப் தண்டு வச்சுச் சுட்ட இனிப்பு 'பை' ஒண்ணை முழுசா ஒண்டியா தின்னேன். வருஷா வருஷம் அந்த நாள்ல தின்னுட்டுத்தான் இருக்கேன்." பிறகு அவள் குரல் இறங்கியது. "அந்த நாள்தான் இப்ப என் கழுத்தை அறுக்குது."

விஷயம் இதுதான். லோரெட்டாவின் முன்னாள் கணவன் டுவெயின் தூரதூர ஊர்களுக்கு லாரி ஓட்டியவன். பிப்ரவரியில் செத்துப்போனான். விவாகரத்தான மனைவிக்கும் அவன் பென்ஷன் வரும், போய்க் கேளு என்று பக்கத்து வீட்டுக்காரி ஏற்றிவிட்டாள். இவளும் போய்க் கேட்டாள். அரசாங்கப் பென்ஷன் கொடுக்கிற சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸில் இருந்த அதிகாரி தன்மையாகவே சொன்னார்: வரும், ஆனால் பத்து வருஷமாவது கல்யாணம் நிலைத்திருக்க வேண்டும்.

"எங்களுக்கு எவ்வளவு தெரியுமா? ஒன்பது வருஷம், பத்து மாசம், நாலு நாள். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலை பாரு. ரெண்டு மாசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்திருந்தா இன்னைக்கு நான் ராணி!"

"அப்புறம் எதுக்குங்க காகிதம்?"

"எதுக்கும் கொண்டாங்க, பார்க்கலாம்னார் அந்த மனுஷன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள பள்ளிக்கூடத்துல அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணும். போடலைன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க. போட்டா இன்னும் ஒரு வருஷம் அந்த இரும்பு டிரேயெல்லாம் நான் தூக்கணும். டாக்டர் வேண்டாம்கிறார், முழங்கால் வேண்டாங்குது. வயிறு மட்டும் கையெழுத்துப் போடுங்குது."

இதற்கு யோசனை சொல்ல வெல்டாவுக்கு விதி இடம் தராது. சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அடித்தளத்துக்கு இறங்கினாள்.

கம்ப்யூட்டர் வந்தது தொண்ணூற்று நாலில். அதற்கு முன்னால் நடந்த சண்டையெல்லாம் கீழேதான், அட்டைப்பெட்டிகளில் இருக்கிறது. கேஸ் போட்ட வருஷம்தான் கட்டின் வருஷம். லோரெட்டா 88 என்று எழுதியிருந்தாலும் வழக்குப் போட்டது 87 நவம்பரில் என்று பெயர்ப் பட்டியல் சொல்லியது. கட்டு உடனே கிடைத்தது. மனு இருந்தது; அதில் கல்யாணத் தேதி ஜூன் பத்து, 1978. சம்மன் இருந்தது. விசாரணை அறிவிப்பு இருந்தது. நீதிபதி கையெழுத்திட்ட தீர்ப்புக் காகிதத்தை மட்டும் காணோம்.

தீர்ப்பு இல்லாத கட்டை வைத்துக்கொண்டு என்ன நகல் எடுப்பது? வெல்டா மேலே வந்து, ஒவ்வொரு வழக்கிலும் என்றைக்கு என்ன தாள் வந்தது என்று வரி வரியாக எழுதிய பெரிய பதிவேட்டை இறக்கினாள்.

"என்ன ஆச்சு?" என்றாள் லோரெட்டா.

"கடைசித் தாள் கட்டுல இல்லை. தேடுறேன்."

"இருக்காது! அந்த ஃபெர்ரிஸ் ஒழுங்கா ஒரு வேலை செஞ்சிருந்தாத்தானே இருக்கும்! என் வக்கீலு. ஆமை அந்த ஆளை முந்திக்கிட்டுப் போகும். தீர்ப்பு ஆனதுக்கப்புறம் பேப்பரை எழுதி ரெண்டு தரப்புலயும் கையெழுத்து வாங்கிக் கோர்ட்ல குடுக்கணுமாம். பாங்குக் கணக்குலேருந்து டுவெயின் பேரை எடுக்கணும், பேப்பர் எங்கய்யான்னு தினம் போன் பண்ணுவேன். 'நாளைக்கு'ம்பான். மீன் புடிக்கப் போயிருவான். சோம்பேறிக் கட்டை! அவன் செத்தப்பக்கூட நான் பூ அனுப்பலை."

வெல்டாவின் விரல் பதிவேட்டில் இறங்கிக்கொண்டே வந்தது. ஏப்ரலில் ஒரு வரி. மே மாதம் காலி. பிறகு ஒரு வரி: ஜூன் 21, தீர்ப்புக் காகிதம் வந்து சேர்ந்தது.

பத்து வருஷம் நிறைகிற ஜூன் பத்து எங்கே, இருபத்தொன்று எங்கே! இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்த வரியின் உருண்டை உருண்டையான கையெழுத்து வேறு யாருடையதும் இல்லை, அவளுடையதுதான். வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம்.

பதில் தொண்டைக்கு வந்துவிட்டது. வெல்டா விழுங்கினாள். விதிக்காக மட்டும் இல்லை. தாள் கையில் இல்லாமல் ஆசை காட்டுவது பாவம். பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறது என்று சொன்னால் எந்த ஆபீஸில் ஒப்புக்கொள்வார்கள்?

"வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கீழே போனாள்.

87-ம் வருஷத்துப் பெட்டிகள் அத்தனையையும் பிரித்துப் போட்டாள். பக்கத்துக் கட்டுகள், அடுத்த எண், முந்தின எண். இல்லை. பன்னிரண்டு மணி ஆயிற்று. பாட்ஸி படிக்கட்டிலிருந்து குரல் கொடுத்தாள்.

"பீரோக் ஆறிப்போவுது. நான் தின்னுரட்டுமா?"

"தின்னுத் தொலை!"

பாட்ஸியே அசந்து போனாள். முப்பத்தாறு வருஷத்தில் வெல்டா பீரோக்கை விட்டுக்கொடுத்ததே இல்லை.

வெல்டா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து யோசித்தாள். இருபத்திரண்டு வயசுக் கழுதை ஒருத்தி, மூன்றாவது வாரம், ஒரு தாளை வாங்கி முத்திரை குத்துகிறாள். அதை எங்கே வைத்திருப்பாள்? கேஸ் எண்ணைப் பார்க்க அவளுக்கு அப்போது தெரியுமா? எங்கே தெரிந்தது! புதிதாக வருகிற எல்லோரும் செய்கிற தப்பு அது. கேஸ் எந்த வருஷத்தது என்று பார்க்க மாட்டார்கள், முத்திரையில் இருக்கிற தேதியைப் பார்த்து அந்த மாதத்துக் கட்டில் செருகிவிடுவார்கள். அன்றைய தலைமைக் குமாஸ்தா இர்மா இதற்காகவே ஒரு மாதம் கழித்து அவளைக் கிழி கிழியென்று கிழித்தாள். அதற்கு முன்னால் செருகியவை செருகியபடியே போயிருக்கும்.

88-ம் வருஷம், ஜூன். பெட்டியை இழுத்தாள். ஆலங்கட்டி மழையில் கோதுமை போனதற்கு ஒரு வழக்கு, நாய் கடித்ததற்கு ஒரு வழக்கு, இரண்டுக்கும் நடுவில் ஸ்டக்கி தம்பதியின் தீர்ப்பு, மடிப்புக்கூடக் கலையாமல் இருந்தது. மேல் ஓரத்தில் ஊதா முத்திரை, ஜூன் 21, 1988. அதன்மேல் அவளுடைய முதலெழுத்துகள்.

தன் தப்பைக் கண்டுபிடித்து இவ்வளவு சந்தோஷப்பட்ட குமாஸ்தா உலகத்தில் இருந்திருக்க மாட்டாள். வெல்டா படியில் ஏறவில்லை, ஓடினாள்.

நகல் எடுத்து, சான்று எழுதி, கையெழுத்திட்டு, கவுண்டி முத்திரையை அழுத்தினாள். தாளைக் கவுன்டரில் வைத்தாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லணும். இது இடம் மாறி இருந்தது என் தப்பு. நான் சின்னப் பொண்ணா இருந்தப்போ செருகினது. மன்னிக்கணும்."

"போகட்டும் கண்ணு. கிடைச்சுதே."

"இந்த முத்திரையைப் படிங்க."

"எதுக்கு?"

"நான் வக்கீல் இல்லீங்க. இதுக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்லக் கூடாது. ஆனா எங்க விரலை வைக்கணும்னு சொல்லலாம். இங்க வையுங்க. சத்தமாப் படிங்க."

லோரெட்டா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். "பதிவு செய்யப்பட்டது. ஜூன் இருபத்தொண்ணு..." நிறுத்தினாள். வெல்டாவின் முகத்தைப் பார்த்தாள். வெல்டா வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். கன்னம் இரண்டும் சிவந்து, கண் மட்டும் சிரித்தது.

"இது நீதிபதி சொன்ன நாள் இல்லையே?"

"நான் வக்கீல் இல்லீங்க. சோஷியல் செக்யூரிட்டிக்காரர் நம்பர் வச்சிருக்கீங்களா? இந்த போன்லயே பேசலாம்."

அந்த அதிகாரியைப் பிடிக்கப் பதினைந்து நிமிஷம் ஆயிற்று. லோரெட்டா தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள். எதிர்முனையில் அவர் பேசுவதற்கு, "ஆமா... ஆமா சார்... நீல முத்திரைதான், ஊதான்னும் சொல்லலாம்..." என்றாள். பிறகு போனை வைத்தாள்.

"என்ன சொன்னார்?" என்று பாட்ஸி எதிர்க் கவுன்டரிலிருந்து கத்தினாள். நம்பர் பிளேட்டுக்கு நின்ற மூன்று பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீதிபதி வாயால சொன்ன நாள் கணக்கில்லையாம். கையெழுத்துப் போட்ட பேப்பர் இந்தக் கவுன்டர்ல பதிவான நாள்தான் கணக்காம். பத்து வருஷம் பதினோரு நாள். நாளைக்குக் காலையில இதோட வரச் சொன்னார்." லோரெட்டா சட்டென்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நான் டிரே தூக்க வேண்டாம்டி! ஃபெர்ரிஸு, உன் சோம்பேறித்தனத்துக்குக் கோடி கும்பிடு! எத்தனை மீனய்யா புடிச்ச? புண்ணியவான்!"

பாட்ஸி கை தட்டினாள். நின்றவர்களும் விஷயம் புரியாமலேயே தட்டினார்கள். வெல்டாவுக்கு அடக்க முடியவில்லை, கவுன்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொள்வதற்கு விதியில் ஒரு தடையும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கும் அந்த போனிலேயே பேசி, கையெழுத்துக்கு வரப்போவதில்லை என்று லோரெட்டா சொல்லி முடித்தாள்.

எல்லாம் அடங்கிய பிறகும் அவள் எழுந்து போகவில்லை. பெஞ்சில் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முழங்கால்தான் படுத்துகிறதோ என்று வெல்டா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அந்த வருஷம் ஜூன் பத்தாம் தேதி டுவெயின் போன் பண்ணினான்" என்றாள் லோரெட்டா. "நெப்ராஸ்கா பக்கம் ஏதோ பெட்ரோல் பங்க்லேருந்து. 'இன்னையோட நமக்குப் பத்து வருஷம் லோரெட்டா'ன்னான். 'நமக்கா? நான் உன் பொண்டாட்டி இல்லடா, ஏப்ரலோட முடிஞ்சுது'ன்னு சொல்லி வச்சுட்டேன். அதுக்கப்புறம் அவன் கூப்பிடவே இல்லை."

தாளின் முத்திரையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். கண்ணில் தண்ணீர், உதட்டில் சிரிப்பு.

"பாவி, சரியாத்தான் சொல்லியிருக்கான்."