அஞ்சாவது ஆள்

மாரிகுப்பத்தில் நாங்கள் இருப்பது பழைய தங்கச் சுரங்கக் கம்பெனி லைன் வீடு. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். நடுவில் இருக்கும் சுவர் கூரையைத் தொடாது. இடது பக்கத்து வீட்டில் யாராவது தும்மினால் வலது பக்கத்து வீட்டிலிருந்து ‘நூறு’ என்று குரல் வரும். இந்த லட்சணத்தில் ஒரு ரகசியத்தை ஒளித்து வைக்கலாம் என்று நினைத்த முட்டாள் நான் ஒருத்திதான்.

அந்த ஓடிடி தொடரை லைனுக்குள் கொண்டுவந்ததும் நான்தான். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற ட்ரெயினில், லேடீஸ் பெட்டி முழுக்க அதே பேச்சாக இருந்தது. நாயகி நெருப்புக்குள் நடப்பாள், இடிந்து விழுகிற கட்டடத்தைத் தோளில் தாங்குவாள். குலதெய்வத்துக்கு எடுத்த விரதத்தால் வந்த சக்தி அது. அவள் விரும்புகிறவனோ வேறு சாமி கும்பிடுகிறவன். அவனைக் கட்டிக்கொண்டால் சக்தி போய்விடுமா, போகாதா என்பதை வைத்து வாரக்கணக்கில் இழுத்தார்கள். “கல்யாணம் ஆனா எல்லாருக்கும்தான் போவுது, இவளுக்கு மட்டும் இன்னா?” என்று ஜன்னலோரத்து அக்கா ஒருநாள் சொன்னாள். பெட்டியே சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் எல்லோருக்கும் முன்னால் நிறுத்திக்கொண்டேன்.

ஏனென்றால் என் கதையும் அதுதான், சக்தி ஒன்றுதான் இல்லை. அவன் ரெண்டு ஸ்டேஷன் தள்ளி ஏறுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன். நாங்கள் பழகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவன் வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். “எங்க வீட்ல நான் பேசிக்கிறேன். உங்க அப்பாகிட்ட நீதான் சொல்லணும்” என்றான். தொடர் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஏதோ ஒரு கெடு வேண்டியிருந்தது, கைக்கு அகப்பட்டதைச் சொன்னேன்.

அப்பாவைத் தவிர எனக்கு வீட்டில் யாரும் இல்லை. அம்மா போய் ஒன்பது வருஷம். சுரங்கத்துத் தூசு அப்பாவின் நெஞ்சில் தங்கிவிட்டது, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். என் அத்தை மகள் வேறு மதத்தில் கட்டிக்கொண்டபோது அவர் கத்தவில்லை, அடிக்கப் போகவில்லை. அவள் பேரைச் சொல்வதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். இன்றுவரை சொல்லவில்லை. கத்துகிற அப்பாவாக இருந்திருந்தால் நான் எப்போதோ சொல்லியிருப்பேன்.

அதனால் தொடரை வைத்து அவர் மனசைப் பார்க்கலாம் என்று கணக்குப் போட்டேன். என்னுடைய சந்தாவை எங்கள் டிவியில் போட்டேன். ரெண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்டார்கள், அவர்களுக்கும் பாஸ்வேர்ட் கொடுத்தேன். புது எபிசோட் வெள்ளிக்கிழமையே வந்துவிடும். ஆனாலும் ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கு மூன்று வீட்டிலும் ஒன்றாகப் பார்ப்பது என்று ஆகிவிட்டது. அதே மூன்று மணிக்கு அவனும் தன் போனில், என் பாஸ்வேர்டில், பார்ப்பான். நடுநடுவே மெசேஜ் அனுப்புவான். நாங்கள் சேர்ந்து உட்கார்ந்து பார்த்த மாதிரி இருந்தது அது ஒன்றுதான்.

அப்பா முதலில் குறை சொல்லிக்கொண்டேதான் பார்த்தார். நாயகி பூமிக்கு அடியிலிருந்து பறந்து மேலே வந்தபோது, “அவ்ளோ ஆழத்துலேர்ந்து இவ்ளோ ஸ்பீடா வந்தா காது இன்னாத்துக்கு ஆவும்?” என்றார். ஆனால் அந்தப் பையன் நாயகியின் வீட்டு வாசலில் நின்று, உள்ளே போகாமல் திரும்பிய காட்சியில் மூக்கை உறிஞ்சினார். “நல்ல பையன்டி. இவனுக்கு இன்னா கொறச்சல்?” என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறே இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

கடைசி எபிசோட் பார்த்த ஞாயிறு. மட்டன் குழம்பு சாப்பிட்டுவிட்டு அப்பா மூன்று மணிக்கு ரிமோட்டை அழுத்தினார். ஒரே நேரத்தில் நான்கு திரைகளில்தான் பார்க்க முடியும் என்று டிவி சொன்னது.

அப்பா வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். இடது பக்கம் ஓடுகிறது. வலது பக்கம் ஓடுகிறது. எதிர் வரிசையில் புது டிவி வாங்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா பெரிய மனசு பண்ணி அவர்களுக்கும் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தாள், அங்கேயும் ஓடுகிறது. உள்ளே வந்து விரலை மடக்கினார்.

“மூணு வூட்ல ஓடுது. நம்மள்து நாலாவது. அப்போ நம்மள்து ஓடணுமே. உள்ள ஒரு ஆளு அதிகமா கீறாம்மா.”

வேறு வீடாக இருந்தால் நெட் சரியில்லை என்று விட்டிருப்பார்கள். எங்கள் அப்பா சுரங்கத்தில் கடைசிப் பத்து வருஷம் குழிக்குள் ஆள் இறங்குகிற ஷாஃப்ட் வாசலில் டோக்கன் பார்த்தவர். கீழே இறங்குகிறவன் ஒரு டோக்கன் எடுத்துக்கொண்டு போக வேண்டும், ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் திருப்பித் தர வேண்டும். ஒன்று குறைந்தால் ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். அந்த ஆள் வெளியே வரும்வரை அப்பா வீட்டுக்கு வரமாட்டார். அவரிடம் போய்த் தலைக்கணக்கில் விளையாட முடியுமா?

“அஞ்சாவது யாரு?” என்றார்.

கோபமாகக் கேட்கவில்லை. சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. என் கையில் இருந்த போனில் அவன் மெசேஜ் வந்து விழுந்தது: ‘அவங்க அப்பா முன்னாடி போய் நின்னுட்டா.’ போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“ஆபீஸ்ல ஒருத்திப்பா. கேட்டா, குடுத்தேன்.”

“வூட்டு ஆளுங்க வெளிய நிக்கிறோம், வெளியாளுக்கு உள்ள இன்னா வேல? எடுத்துடு.”

எடுத்தேன். “திரும்பி வந்துருவா, பாஸ்வேர்ட மாத்து” என்றார். அதையும் மாற்றினேன். உடனே நாலு பக்கமும் கூச்சல். வீடு வீடாகப் போய், ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடி, புது பாஸ்வேர்டைப் போட்டுக் கொடுத்தேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். திரும்பி வந்தால் அப்பா படத்தை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருந்தார். “நீ இல்லாம இன்னாத்த பாக்கறது?” என்றார். அவர் பார்த்து முடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாயகி அப்பன் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சக்தி போனால் போகட்டும், பொய் சொல்லி வைத்துக்கொள்ள மாட்டேன் என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா, “கட்டிக் குடுத்துடுயா!” என்று டிவியைப் பார்த்துக் கத்தினாள். “குடுப்பான், குடுப்பான்!” என்று அப்பா இங்கிருந்து பதில் சொன்னார். அவர் சொன்ன மாதிரியே அந்த அப்பனும் அழுதுகொண்டே தலையாட்டினான். எங்கள் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நேரா வந்து சொன்னா பாரு. அதுக்கே குடுக்கலாம். நீ இன்னாம்மா சொல்ற?”

இதெல்லாம் கதை என்று அவர் சொல்லிவிடுவாரோ என்றுதான் அத்தனை வாரமும் பயந்துகொண்டிருந்தேன்.

“கதைதானேப்பா” என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “அது சரி” என்று டிவியை நிறுத்தினார்.

மறுநாள் நான் லேடீஸ் பெட்டியில் ஏறவில்லை. ரெண்டு ஸ்டேஷன் தள்ளி அவன் ஏறினான். கதவோரம், கூட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

“நீதான் எடுத்தியா?”

“ஆமா.”

“அப்பா பக்கத்துல இருந்தாரா?”

“ஆமா.”

சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது கத்தியிருப்பேன். பங்காருப்பேட்டை தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, “பாதியில போயிருச்சு. அவங்க அப்பாகிட்ட சொன்னாளா?” என்றான்.

“சொல்லிட்டா.”

“அவரு?”

“அழுதாரு. சரின்னு சொல்லிட்டாரு.”

“குடுத்து வெச்சவன்” என்றான்.

புது பாஸ்வேர்ட் என்ன என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.