மஸ்கட் சாரின் இடது ஸ்பீக்கர்

செருப்பை வாசலிலேயே விடச் சொன்னார். அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பிறகு பின்கட்டுக் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னார். துடைத்துக்கொள்ள வெளுத்த துண்டு ஒன்றையும் அவரே நீட்டினார். பழைய ஆடியோ செட்டுகளை வாங்கி விற்கிற என் தொழிலில் எத்தனையோ வீடுகளுக்குள் நுழைந்திருக்கிறேன். கை கழுவிக்கொண்டு உள்ளே போன வீடு அது ஒன்றுதான். உள்ளே ஜன்னல்கள் மூடிய அறையில் வெள்ளைத் துணி போர்த்தி நின்றன அந்த ஸ்பீக்கர்கள் இரண்டும். கோயிலில் பீடத்துத் துணியை மடிப்பதுபோல அவர் அந்தத் துணிகளை நான்காக மடித்து ஓரத்தில் வைத்தார். எனக்குப் பின்னால் நின்ற ஓசூர் டாக்டர் மூச்சை உள்ளிழுத்த சத்தம் எனக்குக் கேட்டது. வாங்க வந்தவர் அப்படி மூச்சிழுத்தால் வியாபாரம் பாதி முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கு அப்படி முடியவில்லை.

கடத்தூருக்குப் பக்கத்தில், மரவள்ளிக் காட்டை ஒட்டி இருந்தது வீடு. அவரை ஊரில் எல்லோரும் மஸ்கட் சார் என்றுதான் சொன்னார்கள். எண்ணெய்க் கம்பெனி ஒன்றில் கம்ப்ரஸர் பார்க்கிற வேலையில் பாதி ஆயுளை அங்கே கழித்தவர். மற்றவர்கள் விடுமுறைக்கு வரும்போது தங்கமும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு முறை ஆம்ப்ளிஃபயர், ஒரு முறை இசைத்தட்டு சுழற்றி, ஒரு முறை கப்பலில் போட்டு இந்த ஸ்பீக்கர்கள் என்று கொண்டுவந்தார். வந்த அட்டைப்பெட்டி, உள்ளே இருந்த தெர்மகோல், ரசீது, சின்ன நெகிழிப் பைகூட அப்படியே பரணில் இருந்தன. "பொட்டி இருந்தாத்தான் வெலை தம்பி" என்று முதல் முறை போனில் பேசியபோதே என்னிடம் சொன்னார்.

அவர் சொன்னது சரி. இந்தச் சாமான்களின் விலைக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. கடையை விட்டு வெளியே வந்த அன்றைக்கே பெரும் பகுதி போய்விடும். அதன்பின் ஆண்டுக்காண்டு கரைந்துகொண்டே வரும். பெரும்பாலானவை கடைசியில் பழைய இரும்புக்காரனிடம் போய் நிற்கும். ஆனால் நூற்றில் ஒன்றோ இரண்டோ ஓர் இடத்தில் இறங்குவதை நிறுத்திக்கொள்ளும். இனி அப்படி ஒன்று செய்யமாட்டார்கள் என்று உலகத்துக்குத் தெரிந்த பிறகு விலை மெல்ல மேலே ஏறும். ஆனால் ஒரு கீறல், ஒரு மாற்று உதிரிப்பாகம், ஒரு தொலைந்த மூடி போதும், ஏறியது சரிந்துவிடும். மஸ்கட் சாரின் செட் ஏறிக்கொண்டிருந்த ஜாதி. அதை ஏற்றி வைத்திருந்தது அந்த வீட்டின் கட்டுப்பாடு. பிள்ளைகள் அந்த அறைக்குள் ஓடியதில்லை. பெங்களூரிலிருந்து வருகிற பேரன் வாசல்படிக்கு வெளியிலேயே நின்று பார்க்கலாம். அவர் மனைவி அத்தனை ஆண்டுகளில் ஒரு முறைகூடத் தன் கையால் அதைப் போட்டதில்லை. அவர் போட்டால், சமையலறையில் இருந்தபடி கேட்டுக்கொள்வார்.

எங்களுக்கு முன்னால் சேலத்துத் தரகர் ஒருவர் வந்து, ஒழுங்காக இருந்த ஸ்பீக்கரைப் பழுது என்று சொல்லிப் பாதி விலைக்குக் கேட்டாராம். சார் அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாராம். எங்கள் தொழிலில் இது பழைய தந்திரம். விற்பவருக்குத் தன் பொருள்மேல் சந்தேகம் வந்துவிட்டால், விலை தானாக இறங்கும். அந்தக் கதையை சார் வாசல் கேட்டிலேயே எங்களுக்குச் சொல்லிவிட்டார். எச்சரிக்கை என்று புரிந்துகொண்டேன். ஓசூர் டாக்டர் பல் மருத்துவர், என்னுடைய பெரிய வாடிக்கையாளர், பேரம் பேசுகிற ஆளே இல்லை. போனில் சார் சொன்ன விலையைக் கொடுக்கத் தயாராகத்தான் வந்திருந்தார்.

சார் வயலின் கச்சேரி இசைத்தட்டு ஒன்றைப் போட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்துக் கனத்த ஒலி தரையை அதிர வைத்தது. ஆனால் வயலின் அறையின் வலது ஓரத்துக்கே ஓடிப்போய் நின்றது. இடது பக்கத்து வயலின் கம்பளிக்குள் இருந்து வருவதுபோல் மங்கியிருந்தது. அந்தப் பக்கத்து ட்வீட்டர், அதாவது மெல்லிய உச்ச ஒலிகளுக்கென்று மேலே இருக்கிற சின்ன ஸ்பீக்கர், செத்துப்போயிருந்தது. தொழில் தெரியாதவர்களுக்கே தெரிகிற அளவுக்குச் செத்திருந்தது. சார் தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

நான் நிமிர்ந்தபோது அவர் மனைவி வாசல்படியில் நின்றிருந்தார். கையில் காப்பித் தட்டு. என்னைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல மிக லேசாகத் தலையசைத்தார். எனக்கு உடனே கோபம்தான் வந்தது. இந்த அம்மாவுக்குப் பழுது தெரியும், தெரிந்தே நம் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன்.

அதற்குள் டாக்டர் எழுந்து போய் இடது ஸ்பீக்கரில் காதை வைத்துவிட்டார். சார் கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார்.

"என்னா பாக்கறீங்க?"

"இந்தப் பக்கம் ட்வீட்டர் வேலை செய்யலைங்க சார்" என்றார் டாக்டர்.

"என்னது?"

டாக்டர் இன்னும் சத்தமாகச் சொன்னார். சாரின் முகம் மாறியது. என் பக்கம் திரும்பினார். "சேலத்தான் சொன்னதையே நீயும் ஆள் வெச்சுச் சொல்ல வந்தியா?" அதுவரை நீங்க என்று பேசியவர் அவர். என் காது சூடானது. தரகனை இந்த வட்டத்தில் ஒருவர் ஏமாற்றுக்காரன் என்று சொல்லிவிட்டால் போதும். சென்னையில் இருந்து கோவை வரைக்கும் அது போய்ச் சேர்ந்துவிடும்.

"சார், நானே காட்டறனுங்க" என்று சொல்லி ஒயர்களை இடம் மாற்றிப் போட்டேன். ஆம்ப்ளிஃபயரில் பழுது என்றால் மங்கல் வலது பக்கம் போக வேண்டும். மாற்றிய பிறகும் இடது ஸ்பீக்கர்தான் மங்கலாக இருந்தது. வலது பக்கம் கண்ணாடிபோல் பாடியது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருந்தது. "இப்பத் தெரியுதுங்களா சார்?"

அவர் இரண்டு ஸ்பீக்கரிலும் மாறி மாறிக் காதை வைத்தார். பெரிய வட்டத்தில் உள்ளங்கையைப் பதித்து அதிர்வைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே மாதிரிதான் பாடுது" என்று கத்தினார். "யாருகிட்ட வந்து காது குத்தறீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்டில் நின்று, செட் எந்த ஆண்டு வாங்கினீங்க என்று நான் கேட்டதற்கு, "ஆமாமா, வெயில் ஜாஸ்திதான்" என்று அவர் சொன்ன பதிலும் ஞாபகம் வந்தது. வாசல்படியில் நின்ற அம்மா ஏன் தலையசைத்தார் என்பதும் புரிந்தது. விலை போனாலும் போகட்டும், எழுந்து போய்விடலாம் என்று டாக்டரின் கையைத் தொட்டேன். ஆனால் சார் விடவில்லை. சாட்சிக்கு மனைவியைக் கூப்பிட்டார்.

"நீ சொல்லு. ரெண்டும் பாடுதா இல்லியா? இவனுங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அம்மா தட்டை வாசலிலேயே தரையில் வைத்தார். உள்ளே வரவில்லை. அந்த அறைக்குள் கால் வைத்துப் பழக்கமில்லை போலும். அவர் பாடுகிறது என்று சொன்னால் நான் திருடன். பாடவில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத்தான் தெரியும். இசைத்தட்டு ஓடிக்கொண்டே இருந்தது. தனி ஆவர்த்தனம் வந்துவிட்டது.

"பாடலைங்க" என்றார். "ஈஸ்டருக்கு முன்னாலேருந்தே அந்தப் பக்கம் பாடல. ஜிங்குன்னு ஒரு சத்தம் வரும் பாருங்க, அது வரவே இல்ல."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா, உங்களுக்குக் காது கேக்கலைன்னு சொன்ன மாதிரி ஆயிடுமேங்க."

சார் ஆம்ப்ளிஃபயர் பக்கம் போனார். எதையாவது தூக்கிப் போடப் போகிறார் என்று டாக்டர் பின்வாங்கினார். சார் ஒலியை முழுவதும் குறைத்து, ஊசியைத் தூக்கி வைத்து, பிறகுதான் ஸ்விட்சை அணைத்தார். அந்த நேரத்திலும் வரிசை தவறவில்லை. எங்களுக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டார்: "இன்னும் என்னென்ன சொல்லாம வெச்சிருக்க?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "பேரன் போன்ல பேசறதே இல்லீங்க இப்பல்லாம். அவன் ஒண்ணு கேட்டா நீங்க ம்முன்னு சொல்லிட்டு போனை எங்கிட்டக் குடுத்திடறீங்க. தாத்தாவுக்கு நான்னா புடிக்காதான்னு அவங்கம்மாகிட்டக் கேட்டிருக்கறான்."

சார் வெள்ளைத் துணியை எடுத்து உதறி ஸ்பீக்கரின்மேல் போர்த்தினார். ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது, சரிசெய்யவில்லை. "இன்னைக்கு வேண்டாம். போயிட்டு வாங்க" என்றார். காப்பியை யாரும் குடிக்கவில்லை. என் கடை இருக்கிற தருமபுரி வந்து சேரும்வரை காரில் டாக்டர் பாட்டுப் போடவே இல்லை. அந்த வீட்டில் எதையோ உடைத்துவிட்டு வந்தவன்போல நான் உட்கார்ந்திருந்தேன். போன் பண்ணிப் பார்க்கலாம் என்று பல தடவை எடுத்துவிட்டு வைத்தேன். டாக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு செட் வாங்கிக்கொண்டார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் இருவரும் பஸ்ஸில் வந்து என் கடை முன்னால் இறங்கினார்கள். சார் இளைத்திருந்தார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. பழையபடி நீங்க என்று பேசினார், அது போதுமாக இருந்தது. காது டாக்டரிடம் காட்டியாகிவிட்டதாம். இரண்டு காதுக்கும் கருவி போடச் சொல்லியிருக்கிறார்கள். விலையைக் கேட்டதும் திரும்பி வந்துவிட்டாராம். கருவியின் படம் போட்ட தாளை என் கண்ணாடி மேசைமேல் விரித்து வைத்தார்.

"இதும் ஆடியோ சாமான்தானே தம்பி. நாளைக்கு வித்தா என்னா வரும்?"

பொய் சொல்லித் தேற்றலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சாரின் முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "ஒண்ணும் வராதுங்க சார். உங்க காதுக்கு அளவு வெச்சது. இன்னொருத்தருக்கு ஆகாது."

"ஒரு வாரம் போட்டதுன்னாக்கூடவா?"

"ஒரு நாள் போட்டாலும் அவ்வளவுதானுங்க."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாழ்நாளில் விற்கும் விலை தெரியாமல் ஒரு பொருளையும் வாங்கியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். வெளியே பாலக்கோடு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி, அத வாங்கிக்கறன். செட்டை விக்கல. என் காது போச்சுன்னா என்னா, அவளுக்குக் கேக்குதே. அந்த ட்வீட்டரை மாத்திக் குடுங்க."

அசல் ட்வீட்டர் எங்கும் கிடைக்காது, மாற்று போட்டால் செட்டின் விலை பாதிகூடத் தேறாது என்று சொன்னேன். "தெரியும்" என்றார்.

மாற்று ட்வீட்டரை மாட்டப் போன அன்று அறையின் ஜன்னல்கள் திறந்திருந்தன. கை கழுவச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சார் காதுகளில் கருவியோடு, சிடுசிடுவென்று உட்கார்ந்திருந்தார். வயலின் தகரத்தைச் சுரண்டுவதுபோல் இருக்கிறதாம். இசை அவருக்குப் பழையபடி திரும்பவில்லை. இனி திரும்பாது என்று காது டாக்டரும் சொல்லிவிட்டார். சமையலறையில் குக்கர் விசில் அடித்தது. அவர் திடுக்கிட்டு எழுந்தார். பிறகு மிக்ஸி. பிறகு ரோட்டில் டிராக்டர், பக்கத்துக் காட்டு மோட்டார், காக்கை. ஒவ்வொன்றுக்கும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரனோடு காலையில் பேசினாராம். பாதி புரிந்ததாம்.

அம்மா எனக்குக் காப்பி கொண்டுவந்து, இந்த முறை அறைக்குள்ளேயே வந்து கொடுத்தார். சார் அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "இந்த வூட்டுல இவ்ளோ சத்தமா? இத்தன நாளா இதுல நீ தனியாவா இருந்த?"

அம்மா சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஆமாங்க" என்றார். "தனியாத்தான் இருந்தேன்."