எழுத்துருவுக்குள் ஒளித்த முதலை

நேற்று ஒரு வேட்பாளரின் தேர்தல் நோட்டீஸ் மின்னஞ்சலில் வந்தது. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான். அதை அடித்த பழைய தமிழ் எழுத்துரு என் கணினியில் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

பத்து வயதில் என் நாவலை அப்படித்தான் ஒளித்துவைத்தேன். அச்சுவேலியில் மாமாவின் தட்டச்சுக் கடையில்தான் அதை அடித்தேன். சூடேறிய கணினியில் தூசி மணக்கும், மாமாவின் குவளையில் இஞ்சி மணக்கும். நாவலில் மூன்று சூனியக்காரிகள், தொண்டைமானாற்றுக்கு அடியில் ஓர் அரண்மனை, ஒரு பறக்கும் முதலை. ஒருவரும் வாசிக்காதபடி எழுத்துருவை ஆங்கிலமாக மாற்றிவிடுவேன்.

ஒரு தேர்தல் நேரம், தட்டச்சு செய்யும் அக்கா வரவில்லை. மாமாவுக்கு அச்சிட மட்டுமே தெரியும். அச்சிட வந்த ஒரு வேட்பாளர் பக்கத்தில் நிற்க, அவருடைய நோட்டீஸைத் தேடிய மாமா என் கோப்பைத் திறந்துவிட்டார்.

“ஐயோ, வைரஸ்! அழிக்கப்போறன்.”

“அழிக்காதேங்கோ மாமா, அது என்ரை கதை!”

ஓடிப்போய் எழுத்துருவைத் தமிழுக்கு மாற்றினேன். வேட்பாளர் உரக்க வாசித்தார். முதலை ஊருக்குப் பாலம் கட்டித் தருவதாகச் சொல்லி முடிசூடுகிறது, அடுத்த நாளே பறந்துவிடுகிறது.

“உவள் என்னைப் பற்றியெல்லோ எழுதியிருக்கிறாள்!” என்று அவர் சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. “பிள்ளை, முதலை திரும்பி வந்ததோ?”

“இன்னும் எழுதேல்லை.”

மாமா கதிரையை விட்டு எழுந்து எனக்கு இடம் விட்டார். “இதிலை இருந்து எழுதி முடி. ஐயா, உங்கடை நோட்டீஸுக்குப் பின்னேரம் வாங்கோ.”