பர்ஹானா திருத்திய சொல்

பர்ஹானாவின் கணவர் நியாஸ், கும்மிடிப்பூண்டி பஜாரில் கருவாடு விற்றவர். ஜூன் மாதம் நெடுஞ்சாலையில் லாரி மோதி மவுத்தானார். முகம் பார்க்கும்படி இல்லை என்று ஒன்பது வயது மகள் நாஜியாவை உள்ளறையிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். சாவு என்ற பேச்சையே அவள் காதில் போடவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அவள் தலையைத் தடவி, "சபர் செய்யும்மா" என்றார்கள். பொறுத்துக்கொள் என்பது அவர்கள் சொன்னது. அவர்கள் பேச்சில் பயணத்துக்கும் அதே சொல்தான்.

நாஜியா அழவில்லை. பள்ளி நூலகத்திலிருந்து மாயக்கதைப் புத்தகங்களாகக் கொண்டுவந்து படித்தாள். வேளாவேளைக்குச் சாப்பிட்டாள். தேர்வாய் கண்டிகையில் பேக்கிங் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த பர்ஹானா, பிள்ளை தேறிவிட்டாள் என்று கம்பெனி பஸ்ஸில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எளாவூர் சோதனைச்சாவடி அருகே டீக்கடை வைத்திருக்கும் செண்பகம் போன் செய்தாள். எண் நாஜியாவின் பையில் எழுதியிருந்தது.

"உன் பொண்ணு இங்க லாரிக்காரங்க கைல, என்னையும் இட்டுக்கினு போங்கன்னு கேட்டுக்கினு நிக்குது. இன்னாம்மா, அடிச்சியா?"

பர்ஹானா ஆட்டோ பிடித்து ஓடினாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாஜியாவின் பையில் ஒரு டார்ச், நியாஸின் தொப்பி, இரண்டு பன்.

"எங்கடி கிளம்பினே?"

"சபர். எல்லாரும் செய்யச் சொன்னாங்கல்ல? கதைல வாப்பா காணாமப் போனா பசங்கதான் போய்த் தேடுவாங்க உம்மா. பூதத்தைத் தாண்டுனா வாப்பா இருப்பாரு. நான்தான் லேட்டு பண்ணிட்டேன்."

"செக்போஸ்ட்டையே தாண்ட முடியல, பூதத்தைத் தாண்டப் போறியா?" என்று செண்பகம் சிரித்தாள்.

பர்ஹானாவுக்கு அந்த நேரத்தில் பொய் வரவில்லை. "அது இந்த சபர் இல்லடா கண்ணு. பொறுத்துக்கோன்னு அர்த்தம். வாப்பாவ அன்னிக்கே கபர்ல அடக்கிட்டாங்க."

"பொறுத்துக்கினா வருவாரா?"

"வரமாட்டாரு."

"அப்ப எதுக்கு?"

செண்பகம் சிரிப்பை நிறுத்திவிட்டுப் பால் சட்டியைக் கிளறப் போனாள்.

மறுநாளே நாஜியா புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு சோற்றைத் தள்ளினாள். பொங்கலுக்குள் இரண்டு தரம் குளுக்கோஸ் ஏற்றியாயிற்று. இரண்டாம் தரம், பசிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டதற்கு, "போறவங்களுக்குத்தான தெம்பு வேணும்" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் பர்ஹானா சோற்றைப் பிசைந்து உருட்டினாள். "சாப்புடு. உம்மாவும் வரேன். ரெண்டு பேருமா சபர் போய் வாப்பாவத் தேடலாம்."

நாஜியா அவள் கையை மெதுவாக விலக்கினாள்.

"அது கத உம்மா."