இருபத்து மூன்றாம் பக்கம் வரை

குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு என் வேலை. தூளை ஊற வைத்து, நிறம் பார்த்து, குறித்து வைப்பது. மீதி நேரத்தில் ஓராண்டாக ஒரு தொலைக்காட்சி நாடகத்தின் முதல் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். காலை முதல் பேருந்தில் வேலைக்குப் போகும் ஐந்து பெண்களின் கதை. ஐம்பத்தெட்டுப் பக்கம்.

அதுவரை அதை யாரும் படித்ததில்லை. வீட்டில் கொடுத்தால் நன்றாக இருக்கிறது என்பார்கள். என்னைத் தெரியாத ஒருவர் படிக்க வேண்டும் என்பதுதான் என் தேவை. சென்னையில் நாடகம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்ப முடிவு செய்தேன். அவர்கள் கேட்கவில்லை. நானாக அனுப்பினேன்.

அனுப்பும் முன் சரிபார்க்கப் பதினோரு வரிகளில் ஒரு பட்டியல் போட்டேன். பக்க எண், ஒவ்வொரு பக்கத்திலும் கைப்பேசி எண், ஒரு பக்கக் கதைச் சுருக்கம், என்னிடம் ஒரு நகல். பதினொன்றாவது, மழையில் நனையாத உறை. அதற்காக எங்கள் பார்சல் பிரிவு அண்ணனிடம் போனேன்.

"கதைங்களா அம்மணி? மழையில மாட்டுனா கஞ்சியாப் போயிருமுங்க. குடுங்க இப்படி."

ஏலத்துக்கு முன் வியாபாரிகளுக்கு மாதிரித் தூள் அனுப்பும் உறை ஒன்றை எடுத்தார். உள்ளே வெள்ளித்தாள் ஒட்டியது, சொட்டு ஈரம் இறங்காது. தாள்களைப் போட்டு, கூடவே கால் கிலோ தூளும் வைத்தார்.

"அது எதுக்குங்கண்ணா?"

"வெறுங்காயிதத்த அனுப்புனா நல்லாவா இருக்கும்? நம்ம ஊர்ல இருந்து போகுதுங்க."

கூரியர் வண்டி கிளம்பும்போதுதான் உறையின் மேற்புறத்தைப் பார்த்தேன். பழக்கத்தில் கை போன போக்கில் எப்போதும் ஒட்டும் தாளையே ஒட்டியிருந்தார்: 'தேயிலை மாதிரி. விற்பனைக்கு அல்ல.' கட்டிய பிறகு ஒரு முறை பார்ப்பது என் பட்டியலில் இல்லை.

மூன்று வாரம் பதில் இல்லை. மதிய இடைவேளையில் அழைத்தேன். வரவேற்பில் இருந்த பெண் எடுத்தார்.

"ஊட்டிப் பக்கம் இருந்து டீத்தூள் பார்சலா? வந்துச்சு மேடம். சூப்பரா இருந்துச்சு. எங்க கிடைக்கும்?"

"அதோட ஒரு ஸ்கிரிப்ட் இருந்துச்சுங்களே."

"அது நீங்க அனுப்பினதா? மேடம், நாங்க கேக்காம வர்ற ஸ்கிரிப்டைப் பிரிக்கவே மாட்டோம். அப்படியே திருப்பி அனுப்பிடுவோம். நாளைக்கு என் கதையைத் திருடிட்டீங்கன்னு யாராவது கேஸ் போட்டா?"

"ஆனா பிரிச்சிருக்கீங்களே."

"டீன்னு நெனச்சுத்தானே பிரிச்சோம்!"

"யாராவது படிச்சாங்களா?"

"அதை நான் சொல்லக் கூடாது மேடம்," என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

பத்து நாளில் தாள்கள் திரும்பி வந்தன. கூடவே ஒரு கடிதம். தாங்கள் அனுப்பிய பிரதி எங்கள் அலுவலகத்தில் எவராலும் படிக்கப்படவில்லை, இத்துடன் திருப்பி அனுப்புகிறோம். முத்திரையும் இருந்தது.

"கதை திரும்பிருச்சுங்களா?" என்றார் அண்ணன்.

"ஆமாங்கண்ணா."

"தூளு?"

"அது வரலைங்க."

"அப்ப நம்ம சரக்கு பாஸுங்கம்மணி."

தாள்களை என் மேசையில் வைத்துப் புரட்டினேன். முதல் பக்கங்களின் மூலைகள் தளர்ந்து மேலே வளைந்திருந்தன. இருபத்து மூன்றாம் பக்கத்தில் கோப்பையின் அடி வட்டமாகப் பதிந்திருந்தது. பால் கலந்த தேநீர். கொஞ்சம் அதிகமாகக் கொதிக்க விட்டிருக்கிறார்கள். இருபத்து நான்கிலிருந்து கடைசி வரை தாள்கள் அச்சிட்டு எடுத்த அன்று போலவே விறைப்பாக இருந்தன.

கடிதத்தைக் கோப்பில் வைத்தேன். வட்டம் பதிந்த பக்கம் வரும் காட்சியைப் படித்தேன். சாலையில் காட்டெருமை நிற்பதால் பேருந்து நின்றுவிடுகிறது. ஐந்து பெண்களும் தங்களுக்கு ஏன் லீவு வேண்டும் என்பதை ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறார்கள். நான்கரைப் பக்கத்துக்குப் பேருந்து நகரவில்லை. மூன்றாவது பெண் பேச ஆரம்பிக்கும் இடத்தில்தான் அந்த வட்டம்.

இரண்டு பெண்கள் பேசினால் போதும். பென்சிலை எடுத்து, மூன்றாவது பெண்ணிலிருந்து அடிக்கத் தொடங்கினேன்.