வலது கால் ஆஸ்திரேலியா, இடது கால் நியூசிலாந்து

கறி வெட்டி விற்கிறவனுக்கு ஆடு ஆடுதான். அது எந்த நாட்டு ஆடு என்கிற சண்டையெல்லாம் தின்கிறவர்களுக்கு. கடையில் நின்று அடுத்தவர் பெருமையைப் பையில் போட்டுக் கொடுத்த எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் ஒரு மாசம் கறிக்கடையில் நின்று பாருங்கள்.

ஒரு தொடை, இரண்டு பேர்

"தூக்கிக் குப்பையில போடு" என்று கிரெய்க் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தபோது நான் பையோடு சமையல்கட்டில் நின்றேன். பென்னலூரில் ஒரு கம்பெனி கெஸ்ட் ஹவுஸ். நான் வேலை பார்த்தது சுங்குவார்சத்திரத்தில் ஒரு கறிக்கடை. முன்னால் கடை, பின்னால் ஃப்ரீசர். அந்த ஃப்ரீசரிலிருந்துதான் கெஸ்ட் ஹவுஸ்களுக்கு வெளிநாட்டுச் செம்மறிக்கறி போகும். பதினொன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய எனக்கு டெலிவரி வேலை. அன்றைக்கு நான் கொண்டுபோன ஆட்டுத்தொடையில் நியூசிலாந்து ஸ்டிக்கர் இருந்தது. கிரெய்க் ஆஸ்திரேலியாக்காரர். அதுதான் சண்டை.

எதிரே டேவ் சிரித்துக்கொண்டு நின்றார். அவர் நியூசிலாந்து, அறுபது வயது இருக்கும், ஆட்டுப் பண்ணையில் பிறந்து வளர்ந்தவராம். இரண்டு பேரும் ஒரே கம்பெனிக்கு ஒரே மெஷினை மாட்ட வந்தவர்கள். பகல் முழுக்க ஒன்றாக வேலை செய்வார்கள், சாப்பாட்டு மேஜைக்கு வந்தால் இரண்டு நாடு ஆகிவிடுவார்கள். நடுவில் கரண்டியோடு ஸ்டெல்லா அக்கா. அந்த வீட்டுச் சமையல்காரர். ஆறு வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய இங்கிலீஷில் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னதும் அவர்தான். கடைசியில் முடிவானது இது: வரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு நாட்டுத் தொடையையும் மசாலா இல்லாமல் சுட்டு வைக்க வேண்டும், தங்கியிருக்கிற பதினோரு பேரும் தின்று ஓட்டுப் போட வேண்டும்.

மேனேஜரும் அங்கேதான் இருந்தார். இன்னொரு தடவை சாப்பாட்டைப் பற்றிப் புகார் வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அந்த வேலையோடு பின்பக்கத்து ரூமும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். புருஷன் இல்லை. மகள் நர்சிங் முதல் வருஷம். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"ரெண்டு நாட்டுதும் ஒயிங்கா கொண்டாந்துரு ஜெரோமு. இதுல எதனா சொதப்பினா நானும் என் பொண்ணும் ரோட்லதான்."

குட்டி பெரிசா இருக்கணும்

ஃப்ரீசரில் சரக்கு இல்லை. சென்னையிலிருந்து வர வேண்டியது வரவில்லை, எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எங்கள் முதலாளி அண்ணாச்சிக்குத் தூத்துக்குடிப் பக்கம். "சரக்கில்லன்னு சொல்லிரலாம் அண்ணாச்சி" என்றேன். நான் நிலாவில் ஆடு மேய்க்கலாம் என்று சொன்ன மாதிரி பார்த்தார்.

வெளிநாட்டுக் குட்டியின் தொடை பெரிசு. நம்ம ஊரில் இன்னும் பல்லு போடாத இளங்குட்டியின் தொடை அதில் பாதிகூட வராது. அந்த அளவுக்குத் தொடை வேண்டும் என்றால் ஒரே வழி, குட்டி போட்டுப் போட்டு ஓய்ந்துபோன கிழட்டுப் பெட்டை. அதைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார். வெட்டுகிற பாஷா பாய் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், மூடினார், கத்தியை எடுத்தார். சாதாரணமாக வாய் ஓயாதவர். வெட்டிக் கழுவி, காற்றை உறிஞ்சும் மெஷினில் பையை ஒட்டினேன். பழைய ஸ்டிக்கர் ரோல் இரண்டும் டிராயரில் இருந்தன. ஒரே ஆட்டின் இரண்டு கால். எனக்குச் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொல்கிறேன். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"ஏலே, வலது கால் ஆஸ்திரேலியா, இடது கால் நியூசிலாந்து. மாத்தி ஒட்டிராத, கடை மரியாத போயிரும்."

வாலைக் காட்டு

வெளிநாட்டுக்காரர்கள் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். எங்கள் கடையில் தொங்குகிற உடம்பில் வாலை மட்டும் முடியோடு விட்டு வைப்போம். வெள்ளாட்டு வால் மேலே நிமிர்ந்திருக்கும், செம்மறி வால் கீழே தொங்கும். வாலைப் பார்த்து, வெள்ளாடுதான் என்று தெரிந்துகொள்ளாமல் எங்கள் பக்கத்தில் யாரும் கறி வாங்க மாட்டார்கள். அதனால் செம்மறி முதுகில் வெள்ளாட்டு வாலை வைத்துத் தைக்கவும் நான் கற்றுக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் இவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை.

வெள்ளிக்கிழமை காலை, நைட் ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர் விருதுநகர்க்காரர், அவருக்குப் பின்னால் பிள்ளைப்பாக்கத்துக்காரர் ஒருவர். "எங்கூர்க் கரிசக்காட்டுல மேஞ்ச ஆட்டுக்கு முன்னால இதெல்லாம் கறியாய்யா" என்று முதல் ஆள் ஆரம்பித்தார். "அப்ப அங்கியே போயி துன்றது, இன்னாத்துக்கு இங்க வந்து லைன்ல நிக்கிற?" என்றார் அடுத்தவர். ஊர், தண்ணி, ஏரியை வித்தவன், கம்பெனியில் வேலை பிடுங்கியவன் என்று போய்ச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். பாஷா பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நடுவில் போய் நின்றார். கடைசியில் இரண்டு பேரும் வாலைத் தொட்டுப் பார்த்துவிட்டு அரைக் கிலோ, அரைக் கிலோ வாங்கிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

பாய் கட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரு ஊரு ஆடும் இல்லபா இது, ஆந்திராலேர்ந்து லாரில வந்துது. வாலு மட்டும்தான் இந்த ஊரு."

சனிக்கிழமை

சனிக்கிழமை பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஐந்துவரை கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் வருகிறேன் வருகிறேன் என்று வரவே இல்லை. என்ன வெயில் என்று உங்களுக்கே தெரியும். சாயங்காலம் நான் ஃப்ரீசரைத் திறந்தபோது அடியில் ஓர் அங்குலத்துக்குச் சிவப்புத் தண்ணி. இரண்டு பையும் உப்பியிருந்தன. காற்றே இல்லாமல் ஒட்டிய பை அது. உள்ளே ஏதோ மூச்சு விட்ட மாதிரி இருந்தது. பாஷா பாய் மதியமே வீட்டுக்குப் போயிருந்தார். பார்த்தது நானும் அண்ணாச்சியும்தான்.

"இது வேணாம் அண்ணாச்சி, நாறுது." அவ்வளவு சொன்னேன். சொன்னேன் என்று எழுதிக்கொள்வதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை, ஏனென்றால் அடுத்த நிமிஷம் அவர் சொன்னபடி பையைக் கிழித்ததும், மஞ்சள் தண்ணியில் கழுவித் துடைத்ததும், புதுப் பையில் ஒட்டியதும் என் கைதான். கால் மாறாமல் ஸ்டிக்கரும் சரியாக ஒட்டினேன். அண்ணாச்சி மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அடுப்புல ஏறினா எல்லாம் சரியாயிரும்ல. தீக்குத் தெரியாத கிருமி எங்கயும் கெடையாது."

ஓட்டு

ஞாயிறு காலை சர்ச்சில் எட்டு மணிப் பூசை முடிந்து நேராகக் கடைக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பென்னலூர் போனேன். ஸ்டெல்லா அக்காவும் அதே பூசைக்கு வந்துவிட்டு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார். பையைப் பிரித்ததும் நின்றுவிட்டார். "இன்னாடா, வாட ஒரு மாதிரி கீதே?" எனக்கு அப்போது வாய் இருந்தது. "ஃபாரின் ஆடு அப்படித்தான்க்கா" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நம்பினார். நான் அவர் முன்பு குடியிருந்த தெருவில் வளர்ந்த பையன், எதற்குப் பொய் சொல்லப் போகிறேன்?

அக்கா குக்கரில் போட்டால் எலும்பு தனியாகக் கழன்று வரும்வரை விடமாட்டார். ஆனால் கிரெய்க் அடுப்புப் பக்கத்திலேயே நின்று, உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வேகவிட்டுக் கெடுக்காதே என்று விரட்டிக்கொண்டிருந்தார். டேவும் அதையே சொன்னார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு நாட்டுக்கும் ஒற்றுமை.

பதினோரு பேர் தின்றார்கள். செருப்பு மாதிரி இருந்திருக்கும், யாரும் காட்டிக்கொள்ளவில்லை. கொரியாக்காரர் ஒருவர் மிளகாய்ச் சாஸில் முக்கித் தின்றுவிட்டு எங்கள் ஊரில் மாடுதான் என்று சொல்லிக்கொண்டே ஓட்டுப் போட்டார். இடது கால் ஆறு, வலது கால் ஐந்து. நியூசிலாந்து ஜெயித்தது. கிரெய்க் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். டேவ் மட்டும் எலும்புவரை தின்றார். அவர் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. பண்ணையில் நல்ல குட்டியை விற்றுவிட்டுக் கிழட்டு ஆட்டைத்தான் வீட்டுக்கு வெட்டுவார்களாம், அதனால் அது சின்ன வயசு ருசியாம். அவர் சொன்னதை அக்கா எனக்குச் சொன்னார்.

"அவுங்கப்பா கையால வெட்டிக் குடுத்த மாதிரியே கீதாம். கடைக்காரருக்கு நன்றி சொல்லச் சொல்றாரு."

பக்கத்து பெட்

திங்கட்கிழமை விடியும்போதே ஏழு பேருக்கு வாந்தி பேதி. நான்கு பேர் இரண்டு நாளில் எழுந்து உட்கார்ந்தார்கள். டேவ்தான் அதிகம் தின்றவர், வயசும் அதிகம். மூத்திரம் வரவில்லை, ரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் போட்டிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். மேனேஜர் ஆஸ்பத்திரிக்குப் பழம் கொண்டுபோகச் சொன்னார் என்று அண்ணாச்சி என்னை அனுப்பினார். எங்கள் கடையிலிருந்து ஆப்பிள் போனது, கேளுங்கள் இதை.

டேவ் உள்ளே இருந்தார், பார்க்க விடவில்லை. கிரெய்க் வெளி வார்டில் டிரிப்ஸோடு படுத்திருந்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஏதோ சொன்னார். பக்கத்து பெட்டில் கெஸ்ட் ஹவுஸ் டிரைவர், ஞாயிற்றுக்கிழமை மீந்ததைத் தின்றவர். அவர்தான் முனகிக்கொண்டே தமிழில் சொன்னார்.

"அந்த நியூசிலாந்துக் காலுதான் கெட்டுச்சாம், அவரு நாட்டுக் காலு நல்ல காலாம்."

அக்கா கேட்டது

விசாரணை என்று கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அண்ணாச்சி பழைய சரக்குக்கு வந்த பில்லைக் காட்டினார். வெளிநாட்டு முத்திரை, தேதி, எல்லாம் அழகாக இருந்தது. ஆஸ்திரேலியாக் கறி கெடாது, நியூசிலாந்துக் கறி கெடாது, அப்படியானால் கெடுத்தது யார்? சமைத்தவள். வெளியே வைத்திருப்பாள், வேகவைக்கத் தெரிந்திருக்காது. இதை நம்புவதற்கு யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. அரைவேக்காடாக வேண்டும் என்று அடுப்படியில் நின்று கத்தியவர்கள் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் ஸ்டெல்லா அக்கா கடைக்கு வந்தார். அண்ணாச்சி வங்கிக்குப் போயிருந்தார். பாஷா பாய் அவரைப் பார்த்ததும் கத்தியைத் தீட்டப் பின்பக்கம் போய்விட்டார். அக்கா அழுதுகொண்டு வருவார் என்று நினைத்தேன். அழவில்லை. என்னிடம் கோபப்படவும் இல்லை. அது இன்னும் மோசம். நாளைக் காலைக்குள் ரூமைக் காலி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், அந்த ஆள் செத்துப்போனால் போலீஸ் கேஸ் ஆகும், மகளைக் காலேஜில் ஏதாவது சொல்வார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். காய்கறி லிஸ்ட் சொல்கிற குரலில் சொன்னார். நான் எடைக்கல்லை அடுக்கிக்கொண்டிருந்தேன். இப்போது கடையில் யாரும் எடைக்கல் வைத்துத் தராசு பிடிப்பதில்லை, சும்மா கிடக்கிற கல்.

"உங்க மொதலாளிய மாட்டிவுடுன்னு நான் சொல்லல. நாளிக்கிப் பத்து மணிக்கி அந்த ரெண்டு கம்பெனிக்காரங்க வராங்க, நீயும் வா. பை எப்பிடி இருந்துச்சி, உன் கண்ணால இன்னா பாத்த, அத மட்டும் அவுங்ககிட்ட சொல்லிட்டுப் போ, போதும்."

வருகிறேன் என்று தலையாட்டினேன். வியாழக்கிழமை ஒன்பதரைக்குப் பென்னலூர் கேட்டில் நின்றேன், அதுவரைக்கும் உண்மை. செக்யூரிட்டி நோட்டைத் திறந்து "யாரப் பாக்கணும்?" என்றான். பையைக் கிழித்தவன் யார், புதுப் பையை ஒட்டியவன் யார் என்று உள்ளே அடுத்துக் கேட்பார்கள் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. "டெலிவரி, நாளைக்கு வரேன்" என்று வண்டியைத் திருப்பினேன். பிறகு டேவைச் சக்கர நாற்காலியில் வைத்து அவர் ஊருக்கு ஏற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அண்ணாச்சிக்குச் சரக்கு வந்துவிட்டது. ஸ்டெல்லா அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை. ஒருவேளை அவர் அங்கே வந்தால் என்று நான் எட்டு மணிப் பூசையை விட்டுவிட்டு ஆறு மணிப் பூசைக்குப் போகிறேன்.

எந்த நாட்டு ஆடு நல்ல ஆடு என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் நின்று நிதானமாகப் பதில் சொல்லி அனுப்பிய நான், பத்து மணிக்கு வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ என்று கேட்டவரிடம் மட்டும் போகவில்லை.