அத்தை நிச்சயத்துக்குப் போட்ட கூரை

எங்கள் வீட்டுக் கொல்லையில், அடுப்படிக்கும் கிணற்றுக்கும் நடுவே, சிமென்ட் பூசிய ஒரு தளம் இருந்தது. மூன்று பக்கம் சுவர், மேலே வானம். மழைக்காலத்தில் பாசி பிடிக்கும், மற்ற நாட்களில் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். துணி காயப்போடவும் பாத்திரம் விளக்கவும் தவிர வேறெதற்கும் உதவாத அந்த இடத்துக்கு, அத்தைக்கு நிச்சயம் என்று முடிவானதும் திடீரென்று மதிப்பு வந்துவிட்டது. கூடத்தில் தட்டு மாற்றினால் பந்தி போட வேறு இடமில்லை. கொல்லையில்தான் இலை போட வேண்டும். ஆகவே கொல்லைக்கு ஒரு கூரை வேண்டும்.

அப்பா யோசித்துப் பார்த்தார். தகர ஷீட் போட்டால் நிரந்தரமாக இருக்கும். இரும்புக் குழாய், வெல்டிங் என்று கையைக் கடிக்கும். கீற்றுப் பந்தல் என்றால், ஆவணி முகூர்த்தத்தில் திருக்காட்டுப்பள்ளி வட்டாரத்தில் ஒரு பந்தல்காரரும் அகப்படவில்லை. பச்சை வலை நிழல் தரும், தூறலைத் தாங்காது. ஒவ்வொன்றாக வேண்டாமென்று தள்ளிவிட்டு அவர் வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பைக்கின் பின்னால் பெரிய சுருள் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"காசே இல்லாம கூரை, அத்தான்."

அது ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர். தஞ்சாவூரில் பேனர் அடிக்கும் கடையில் மாமாவுக்கு ஒரு சிநேகிதர் உண்டு. எங்கள் பக்கத்தில் இதெல்லாம் சகஜம். வைக்கோல் போரை மூடுவதும் ஃப்ளெக்ஸ்தான், மாட்டுக்கொட்டகைக்கு மேலே போடுவதும் ஃப்ளெக்ஸ்தான். வேட்பாளர்கள் மழையிலும் கைகூப்பியபடி கொட்டகை மேல் மல்லாந்து கிடப்பார்கள். மாமா படத்தை மேல்பக்கமாகவும் வெள்ளை முதுகைக் கீழ்ப்பக்கமாகவும் வைத்து மூங்கிலில் இழுத்துக் கட்டினார். கீழேயிருந்து பார்த்தால் பளிச்சென்று இருந்தது.

"என்ன படம்டா அது?" என்றார் அப்பா, ஏணியைப் பிடித்தபடி.

"யாரோ பெரிய மனுஷன். மேல இருக்கறத யாரு பாக்கப்போறா? காக்காதான் பாக்கும்."

ஃப்ளெக்ஸில் இரண்டு வகை உண்டு. முதுகு கறுப்பாக இருப்பது வெளிச்சத்தை விடாது. வெள்ளையாக இருப்பது விடும். இதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அந்த நிச்சயம் எப்படியாவது நடந்தாக வேண்டும் என்பது மட்டும் எட்டு வயது எனக்கே தெரிந்திருந்தது. அதற்கு முன் வந்த வரன் ஒன்று, காபி குடிக்கும்போது கரண்ட் போனது என்பதற்காகத் தட்டிப் போயிருந்தது. இன்னொன்று வாசலில் யாரோ தும்மியதற்காக. "இதுவும் போச்சுன்னா இனிமே நான் பொடவை மாத்திக்கிட்டு வந்து நிக்கமாட்டேன் அண்ணி" என்று அத்தை அம்மாவிடம் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தேன். அத்தை அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

நாகப்பட்டினத்திலிருந்து வேனில் வந்தார்கள். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை, பெரியப்பாதான் எல்லாம். அவர் சகுனக்காரர். தெருமுனையில் வேனை நிறுத்தி, தண்ணீர்க் குடத்தோடு ஒரு சுமங்கலி எதிரே வரும்வரை யாரையும் இறங்கவிடவில்லை. அம்மா விஷயம் புரிந்து பக்கத்து வீட்டு அக்காவைக் குடத்தோடு அனுப்பிவைத்தாள்.

எல்லோரும் கூடத்தில் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் உள்ளே தங்காமல் நேராகக் கொல்லைக்கு வந்து, கிணற்றோரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். வெளிர் நிறப் புடவை, வெறும் நெற்றி. "அவங்களுக்குக் காத்தோட்டமா இருக்கணுமாம். கூட இரு, தண்ணி கேட்டா குடு" என்று அம்மா என்னை அனுப்பினாள்.

காலையிலிருந்து மூட்டமாக இருந்த வானம் அப்போதுதான் கலைந்தது. சுள்ளென்று வெயில் இறங்கியது. எங்கள் வெள்ளைக் கூரையில் மெதுவாக ஒரு மீசை முளைத்தது.

அப்புறம் கண்கள், மாலை. அதற்கு மேலே பெரிய எழுத்துகள், கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறி. எழுத்துக்கூட்டிப் படிப்பதில் நான் வகுப்பிலேயே கெட்டிக்காரி. 'கண்ணீர்' வரை வந்ததும் அடுத்த சொல்லைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

அடுப்படியில் இலை துடைத்துக்கொண்டிருந்த மாமாவிடம் ஓடினேன். அவர் எட்டிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"வாயைத் தொறக்காத. மேல பாக்காத. நீ பாத்தா எல்லாரும் பாப்பாங்க."

அதுதான் சிக்கல். ஏணியைத் தூக்கினால் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். பேனரை அவிழ்த்தால் வெயில் இலையில் விழும். விட்டுவைத்தால், முதல் பந்தியில் முதல் இலைக்கு உட்காரப்போகும் பெரியப்பாவின் தலைக்கு நேர் மேலே செத்துப்போன ஒருவர் மாலையோடு நிற்பார். மாமா அம்மாவிடம் ஏதோ முணுமுணுத்தார். அம்மா இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் கிணற்றடிக்குத் திரும்பி வந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தால், மாப்பிள்ளையின் அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாக, வெகுநேரம்.

"யாரு பாப்பா அது? உங்க சொந்தமா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மறுபடியும் மேலே பார்த்தார். சிரிப்பு போய்விட்டது.

"எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு வச்சோம். மழையில கிழிஞ்சு போச்சு."

அவர்கள் வீட்டிலும் கொல்லையில் கூரை போட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குப் பாதிப் பயம் தெளிந்தது. "இது கிழியாதுங்க. எங்க மாமா நல்லா இழுத்துக் கட்டியிருக்காரு" என்றேன்.

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து பெரியப்பாவின் குரல் கேட்டது. "தட்டு மாத்தறதுக்கு முன்னாடி கை அலம்பிட்டு வந்துடுறேன். கிணத்தடி இப்படித்தானே?" அடுப்படி வழியாகச் செருப்பில்லாத கால்கள் வரும் சத்தம். மாமா கொல்லை வாசற்படியில் குறுக்கே நின்று ஏதோ உளறினார். பெரியப்பா அவர் தோளைத் தட்டி விலக்கினார்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார்.

"அங்கேயே நில்லுங்க. இங்க ஒரே பாசி, வழுக்குது. தண்ணி அங்க அனுப்பறேன்."

எனக்கு ரோஷமாக இருந்தது. முந்தின நாள் நானும் அத்தையும் தேய்த்துக் கழுவிய தரை அது. பொட்டு ஈரமில்லாமல் காய்ந்து கிடந்தது. அவரோ கிணற்றடியில் இருந்த குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு என் கையில் கொடுத்து, கண்ணாலேயே போ என்றார். பெரியப்பா படியிலேயே நின்று கையலம்பினார்.

"விழுந்து தொலைச்சா சகுனம் வேற கெட்டுப்போகும்" என்று முனகிக்கொண்டு திரும்பினார்.

அவர் தலை மறைந்ததும் அந்த அம்மா குரலை உயர்த்தினார், உள்ளே கேட்கும்படி. "தம்பி, என்ன கூரை போட்டிருக்கீங்க? வெயில் சுளீர்னு எறங்குது. இப்படியா எங்க ஆளுங்கள உக்காரவைப்பீங்க? மேல ரெண்டு ஜமக்காளத்தப் போடுங்க."

சம்பந்தி வீட்டம்மாவே குறை சொன்ன பிறகு ஏணியை எடுப்பதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. மாமா ஓடினார். கட்டிலில் கிடந்த ஜமக்காளம், அப்பாவின் போர்வை, நெல் காயப்போடும் படுதா எல்லாம் மேலே ஏறின. மூங்கில் வளைந்தது, ஆனால் முறியவில்லை. மீசை மறைந்தது, எழுத்து மறைந்தது. கொல்லை இருண்டு குளிர்ந்தது. அம்மா அடுப்படி வாசலில் நின்று அந்த அம்மாவைப் பார்த்துக் கைகூப்பினாள். குறை சொன்னவரை எதற்குக் கும்பிட வேண்டும் என்று எனக்கு அம்மாமேல் கோபம்.

கூடத்தில் பத்திரிகை வாசிக்கத் தொடங்கினார்கள். குலம், கோத்திரம், அப்பா பெயர், தாத்தா பெயர். நான் அந்த அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உள்ள வாங்க. உங்க வீட்டுத் தட்டுதான் மாத்தறாங்க."

"நீ போ கண்ணு. எனக்கு இங்கேயே நல்லா கேக்குது."

அவர் நாற்காலியில் உட்காரவில்லை. கூடத்துப் பக்கம் திரும்பி நின்று, மகனுடைய பெயர் வந்தபோது உதட்டுக்குள் அதைச் சொல்லிப் பார்த்தார். உள்ளே குலவைச் சத்தம் கேட்டது. அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

தை மாதம் கல்யாணம். மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்துக்கு எல்லோரும் மேடையை நோக்கி நெருக்கியடித்தோம். அட்சதை வாங்கிவர என்னை அனுப்பினார்கள். கடைசி வரிசை நாற்காலிகளுக்கும் பின்னால், சமையற்கட்டுக்குப் போகும் வழியில், தூணோரமாக அவர் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த இடத்தில்தான் காற்று நன்றாக வருகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மேடைக்கு ஓடினேன்.